சும்மா கிடக்கும் தாமிரம்

நம்முடைய உறவினர்களில் ஒரு ரகம் உண்டு. வீட்டுக்கு வருவார்கள், காபி குடிப்பார்கள், டம்ளரைக் கீழே வைத்ததும் நேரே கொல்லைப்புறத்துக்கு நடப்பார்கள். கிணற்றடி, இரண்டு தென்னை மரம், அதற்கு அப்பால் கொஞ்சம் வெற்று நிலம். அதைக் கண்டதும் அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். "ஏண்டாப்பா, இத்தனை இடம் சும்மா கிடக்கிறதே!" என்பார்கள். அந்த இடத்தில்தான் வீட்டுப் பெண்கள் வடாம் காய வைக்கிறார்கள், குழந்தைகள் பம்பரம் விடுகிறார்கள், ஐப்பசி மழையில் தெருத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து வடிகிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் படாது. படுவதெல்லாம் அந்த ஒரே ஒரு சொல்தான்: சும்மா.

இந்த உறவினர் கூட்டம் இப்போது பெருத்துவிட்டது. கொல்லைப்புறம் போதாமல் பூகோளப் படத்தையே விரித்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறது. படத்தின் உச்சியில், கனடா தேசத்தின் தலைமாட்டில், உடைந்த அப்பளம் போலப் பனிக்கடலில் சிதறிக் கிடக்கின்றன சில தீவுகள். அவற்றில் ஒன்று சாமர்செட். பரப்பு ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாக ஒரு குடித்தனம்கூடக் கிடையாது. நவம்பர் தொடக்கத்தில் மறைகிற சூரியன் பிப்ரவரியில்தான் மறுபடி தலைகாட்டும். அந்தத் தீவின் மேற்குப் பக்கத்தில், ஆஸ்டன் வளைகுடாவிலிருந்து உள்ளே தள்ளி, கல்லுக்குள் தாமிரம் இருக்கிறது. ‘ஸ்டார்ம்’ என்று அதற்குப் பெயர். 1990-களின் நடுவில் கண்டுபிடித்தார்கள். துளை போட்டுப் பார்த்தார்கள், கணக்குப் போட்டார்கள். இன்னும் சுரங்கமாகவில்லை.

போதாதா? ‘வளர்ச்சி பெறாத தாமிரப் படிவம்’ என்று ஒருவர் எழுதுகிறார். ‘உறங்கும் செல்வம்’ என்கிறார் இன்னொருவர். பங்கு வியாபாரிகளின் பாஷையில் அது ‘முடங்கிக் கிடக்கும் மூலதனம்’. எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தக் கொல்லைப்புற உறவினரின் சொல்லுக்குத்தான் வந்து சேர்கின்றன. கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குச் சொல்தான் சரக்கு; சரக்கில் கலப்படம் செய்தால் எவனுக்கும் ஆத்திரம் வரும். அந்தத் தாமிரத்தைத் தோண்டக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அது சும்மா கிடக்கிறது என்று சொல்வது பொய் என்பதே என் கட்சி.

முதலில் அந்தக் கல்லின் கதையைக் கேளுங்கள். பூகர்ப்ப சாஸ்திரம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நாம் வாராவாரம் எழுதித் தள்ளுகிற தொடர்கதைகளைவிட அதில் திருப்பங்கள் அதிகம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்பதற்குப் பதிலாகக் கோடி வருஷத்துக்கு ஓர் அத்தியாயம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சுமார் 44 கோடி வருஷங்களுக்கு முன்னால் அந்த நிலம் பனிப் பிரதேசமே அல்ல. பூமியின் மேலோடு துண்டு துண்டாக நகர்ந்துகொண்டே இருக்கிறதல்லவா? அந்தத் துண்டு அப்போது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தது. கடல் ஜீவராசிகளின் ஓடுகளும் சுண்ணச் சேறும் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. பிறகு மெக்னீசியம் கலந்த நீர் அதற்குள் புகுந்து புகுந்து, டோலமைட் என்கிற வேறொரு கல்லாக அதை மாற்றிற்று. டோலமைட்டில் பொந்துகளும் இடுக்குகளும் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது. இந்த அடுக்குக்கு ஆலன் பே என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதன் தலைக்கு மேலே கேப் ஸ்டார்ம் என்ற இன்னோர் அடுக்கு, பாத்திரத்துக்கு மூடி போட்டது போல வந்து உட்கார்ந்தது.

தாமிரம் எங்கிருந்து வந்தது? இந்த அடுக்குகளுக்கெல்லாம் வெகு ஆழத்தில் நூறு கோடி வருஷத்துக்கும் மேல் வயதான சிவப்பு மணற்கல் இருக்கிறது. சிவப்பு என்றால் இரும்புத் துருவின் சிவப்பு. அப்படிப்பட்ட பழைய மணற்கல்லில் இம்மி இம்மியாகப் பரவிக் கிடந்த தாமிரத்தைத்தான் நிலத்தடி நீர் கரைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்பது சாஸ்திரிகளின் கருத்து. சாதாரண நீர் அல்ல. ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்குமே, அந்த மாதிரிக் கடுமையான உப்பு நீர். தாமிரத்துக்கு ஒரு குணம் உண்டு. துருவேறிய பாறை வழியாக வருகிற உப்பு நீரில் அது கரைந்து எத்தனை தூரமும் பிரயாணம் செய்யும். ஆனால் பிராணவாயுவே இல்லாத, கந்தகமும், அழுகிய ஜீவராசிகளின் எண்ணெயும் கலந்த இடத்துக்கு வந்துவிட்டால், அதற்குமேல் ஓரடி எடுத்து வைக்காது. கந்தகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குடித்தனம் போட்டுவிடும்.

பிறகுதான் பெரிய திருப்பம். பூமி நெளிந்தது. அந்தப் பிரதேசத்தில் வடக்கு தெற்காகப் பாறை முதுகு ஒன்று மேலே எழும்பிற்று. அந்த உலுக்கலில் அடுக்குகள் விரிசல் விட்டன. இரண்டு விரிசல்களுக்கு நடுவே அகப்பட்ட ஒரு துண்டு நிலம், சாரம் சரிந்த மாதிரி அப்படியே கீழே இறங்கிற்று. அடியில் கிடந்த உப்பு நீருக்கு இதைவிட நல்ல படிக்கட்டு எது? விரிசல் வழியாகத் தாமிரத்தைச் சுமந்துகொண்டு மேலே ஏறி, டோலமைட்டின் பொந்துகளுக்குள் நுழைந்தது. மேலே மூடி. தப்பிக்க வழியில்லை. உள்ளே கந்தகம் காத்திருந்தது. இப்படித்தான் சால்கோசைட் என்ற கருஞ்சாம்பல் நிறத் தாது அங்கே உறைந்தது. அதில் எடைக்கு நூற்றுக்கு எண்பது பங்கு தாமிரம். உலகத்துச் சுரங்கங்களில் வழக்கமாகக் கிடைக்கிற சால்கோபைரைட்டில் முப்பத்தைந்துகூட இல்லை.

அதற்கப்புறம் அந்த நிலம் மெல்ல மெல்ல வடக்கே பயணம் போயிற்று. பனி யுகங்கள் வந்து மேலே இருந்ததைச் சுரண்டி எடுத்தன. தாமிரம் காற்றையும் ஈரத்தையும் கண்ட இடத்தில் பச்சை நிறமாகப் பூத்தது. செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்காமல் விட்டுவிட்டால் களிம்பு ஏறுமே, அதே ஜாதிதான். கல்லில் இருந்தால் மாலகைட் என்று கௌரவமாகச் சொல்கிறோம். கண்டுபிடிக்க வந்தவர்களுக்கு முதலில் தட்டுப்பட்டது ஓர் ஓடைப் படுகையில் உருண்டு கிடந்த சால்கோசைட் கற்கள்தான்.

பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் கல்லுக்கு ஐம்பது, அறுபது கிராம் தாமிரம் உண்டு. ஸ்டார்மில் டன்னுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட இருநூறு மடங்கு! தேடிக் கரைத்து, சுமந்து, வடிகட்டி, மூடி போட்டு, கடைசியில் பனிப்பெட்டியிலும் வைத்தாயிற்று. அங்கே வருஷ சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே பதினைந்து பதினாறு டிகிரி. தரை பல நூறு அடி ஆழத்துக்கு நிரந்தரமாக உறைந்து கிடக்கிறது. இத்தனையும் நடந்து முடிந்த ஒரு பொருளைப் பார்த்து, நேற்றுப் பிறந்த மனிதன் ‘வளர்ச்சி பெறாதது’ என்கிறான்! நாற்பது வருஷம் சங்கீதம் சாதகம் செய்த வித்வானைப் பார்த்து, இன்னும் சினிமாவில் பாடாததனால் ‘அறிமுகம் ஆகாதவர்’ என்பது போல இருக்கிறது இது.

"சரி ஐயா, கவிதை போதும். அது செல்வம்தானே?" என்று கேட்பீர்கள். இங்கேதான் இரண்டாவது கலப்படம்.

தாது என்றால் என்ன என்று பூகர்ப்ப சாஸ்திரிகளைக் கேட்டுப் பாருங்கள். உலோகம் உள்ள கல் என்று சொல்லமாட்டார்கள். லாபத்தோடு எடுக்கக்கூடிய உலோகம் உள்ள கல் என்பார்கள். லாபம் என்ற சமாசாரம் கல்லுக்குள் இல்லை. லண்டன் உலோகச் சந்தையில் இருக்கிறது. 2001-ஆம் வருஷக் கடைசியில் தாமிரம் டன் 1,500 டாலருக்கும் கீழே விழுந்தது. அதே தாமிரம் 2024 மே மாதத்தில் 10,000 டாலரைத் தாண்டிற்று. இந்த இருபத்து மூன்று வருஷத்தில் சாமர்செட் தீவில் என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பொடிக் கல்கூட இடம் மாறவில்லை. முதலில் துளை போட்டுப் பார்த்தவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். விலை ஏறியதும் வேறு பேர் வந்து மறுபடி துளை போட்டார்கள். முன்னவர்களுக்கு அது கல், பின்னவர்களுக்கு அது புதையல். கல்லின் குணம் மாறாமல் பெயர் மட்டும் மாறுகிறது என்றால், அந்தப் பெயரைக் கல்லின் மேல் ஒட்டுவது நியாயமா?

அளவையும் பார்த்துவிடலாம். 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி சுமார் இரண்டு கோடி டன் கல்லில் இரண்டு லட்சம் டன் சொச்சம் தாமிரம். இரண்டு லட்சம் டன் என்று காதில் விழும்போது பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகம் ஒரு வருஷத்தில் உபயோகிக்கிற தாமிரம் ஏறக்குறைய 2 கோடி 70 லட்சம் டன். வகுத்துப் பாருங்கள். அந்தத் தீவில் உள்ள தாமிரம் முழுவதையும், ஒரு குன்றிமணி விடாமல் எடுத்து வந்து கொட்டினால், உலகம் மூன்று நாளில் தின்று தீர்த்துவிடும். மூன்று நாள்! ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் செவ்வாய்க்கிழமை இராத்திரி படுக்கும்போது டப்பா காலி.

மேலும் துளை போட்டால் மேலும் கிடைக்கும் என்பார்கள். கிடைக்கலாம், அந்தப் பாறை முதுகின் ஓரமாக விரிசல்கள் நீளமாகவே ஓடுகின்றன. இரட்டிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள். கம்பெனிக்கு அது நல்ல வியாபாரமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வியாபாரம் என்று சொல்லிவிட்டுச் செய்யட்டும். உலகத்தை இருட்டிலிருந்து மீட்கப் போகிற தாமிரம் என்று அந்த மூன்று நாளைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடுவானேன்?

அந்த வடக்குப் பிரதேசத்துக்கு இந்த ஆட்டம் புதிதல்ல. 1570-களில் மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற ஆங்கிலேயக் கப்பலோட்டி பாஃபின் தீவின் பக்கம் போனார். கறுப்புக் கல் ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் யாரோ சொல்லிவிட்டார்கள். ராணி முதற்கொண்டு பணம் போட்டார்கள். 1578-ல் ஆயிரம் டன்னுக்கு மேல் கல்லை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் திரும்பின. உருக்கிப் பார்த்தார்கள், உருக்கிப் பார்த்தார்கள், தங்கம் வரவே இல்லை. கடைசியில் அந்தக் கல் ரோடு போடப் பயன்பட்டது.

தாமிரத்துக்கே ஒரு கதை உண்டு. ஹட்ஸன் பே கம்பெனிக்காரர்களுக்கு வடக்கே ஓர் ஆற்றங்கரையில் தாமிர மலை இருப்பதாகச் செய்தி வந்தது. கப்பலின் அடித்தளத்தில் பாரத்துக்குக் கல் போடுவதற்குப் பதில் தாமிரத் தாதையே அள்ளிப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு கிடக்கிறது என்று பேச்சு. சாமுவேல் ஹெர்ன் என்பவரை அனுப்பினார்கள். மனிதர் கால்நடையாகவே போனார். 1771 ஜூலையில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, தேடு தேடு என்று தேடிக் கையில் எடுத்தது சுமார் நாலு பவுண்டு எடையுள்ள ஒரே ஒரு கட்டி. ஹெர்ன் யோக்கியமானவர், கண்டதைக் கண்டபடி எழுதி வைத்தார். நமது காலத்து அறிக்கைகளை எழுதுகிறவர்களுக்கு ஹெர்னின் படத்தை மேஜை மேல் வைக்கும்படி சிபாரிசு செய்யலாம்.

ஸ்டார்மில் உள்ளது நாலு பவுண்டு அல்ல, நிஜமான தாமிரம்தான். அதனால்தான் அளவோடு பேசச் சொல்கிறேன்.

மூன்றாவது கலப்படம்தான் எனக்கு அதிகக் கோபத்தை மூட்டுகிறது. "அங்கே யாரும் இல்லையே!" என்கிறார்களே, அது.

யாரும் இல்லையா? சாமர்செட் தீவின் கரைகளில் பழைய வீடுகளின் அடித்தளங்கள் இருக்கின்றன. மரம் முளைக்காத ஊரில் கூரைக்கு என்ன செய்வது? திமிங்கிலத்தின் தாடையெலும்பையும் விலா எலும்பையும் வளைத்துக் கட்டி, மேலே தோலும் புல்மண்ணும் போட்டு வாழ்ந்தார்கள், இன்றைய இனூயிட் மக்களின் முன்னோர்கள். 1937-ல் தீவின் தென்கோடியில் ஃபோர்ட் ராஸ் என்ற இடத்தில் ஹட்ஸன் பே கம்பெனி நரித்தோல் வாங்க ஒரு கடை வைத்தது. கடைக்கு நரி பிடித்துக் கொடுக்க வேறு இடத்திலிருந்து இனூயிட் குடும்பங்களைக் கப்பலேற்றி அழைத்து வந்தார்கள். பனி வழிமறித்ததில் சரக்குக் கப்பல் வர முடியாத வருஷங்கள் உண்டு. கட்டுப்படியாகவில்லை என்று 1948-ல் கடையை மூடிவிட்டார்கள். குடும்பங்களை இன்னும் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அந்தத் தீவில் ஆள் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு, ஆள் எப்படி இல்லாமல் போனார்கள் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

தாமிரத்துக்கு நூறு கிலோமீட்டர் சொச்சம் வடக்கே, கார்ன்வாலிஸ் தீவில், ரெசல்யூட் பே என்று ஒரு கிராமம் இருக்கிறது. இருநூறு பேர் அளவு ஜனத்தொகை. 1953-லும் 1955-லும் கனடா சர்க்கார் கியூபெக் மாகாணத்தின் வடகோடியிலிருந்து இனூயிட் குடும்பங்களை அழைத்துவந்து அங்கே இறக்கிற்று. வேட்டை நிறைய இருக்கிறது, பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். வந்தவர்கள் அறியாதது மூன்று மாதத்து இருட்டு. தெரிந்த மிருகங்கள் இல்லை, தெரிந்த கடல் இல்லை. திரும்பிப் போகிற வழியையும் யாரும் காட்டவில்லை. அந்தத் தீவுகள் கனடாவுக்குச் சொந்தம் என்று உலகத்துக்குக் காட்ட, கொடிமரத்துக்குப் பதிலாக மனிதரை நட்டார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2010 ஆகஸ்டில் கனடா சர்க்கார் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டது.

பாருங்கள் வேடிக்கையை! உரிமை கொண்டாட வேண்டிய போது அங்கே ஜனங்கள் இருக்க வேண்டியிருந்தது. தாமிரம் என்று வந்ததும் அதே பிரதேசம் ‘ஆளில்லாத நிலம்’ ஆகிவிட்டது.

அந்த இருநூறு பேர் சாமர்செட் தீவை எப்படி உபயோகிக்கிறார்கள் என்றால், வடாம் காய வைக்கிற கொல்லைப்புறத்தைப் போலத்தான். வேட்டைக்குப் போகிறார்கள், மீனுக்குப் போகிறார்கள். தீவின் வடகரையில் கன்னிங்ஹாம் என்ற கழிமுகத்துக்கு ஒவ்வொரு கோடையிலும் வெள்ளைத் திமிங்கிலங்கள் நூற்றுக்கணக்கில் வந்து, ஆழமில்லாத நீரில் கூழாங்கல்லின் மேல் உடம்பைத் தேய்த்துப் பழைய தோலை உரித்துக்கொள்கின்றன. பீரி கரிபூ என்ற சிறிய வெள்ளை மான் உறைந்த கடலின் மேல் நடந்தே ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போகிற ஜாதி. சாமர்செட்டிலும் பக்கத்துத் தீவிலுமாக ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தது. 1990-களின் நடுவில் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. கப்பல் போவதற்காகப் பனியை உடைத்தால் அந்த மானுக்கு ரோடு போயிற்று என்று அர்த்தம்.

‘சும்மா’ கிடப்பதைப் பற்றி அந்தத் தீவே ஒரு கதை சொல்கிறது. 1825-ல் ஃப்யூரி என்ற பிரிட்டிஷ் கப்பல் சாமர்செட்டின் கிழக்குக் கரையில் பனியில் நசுங்கிப் போயிற்று. அதில் இருந்த டின் உணவுகளையும் மற்றச் சாமான்களையும் கரையில் அடுக்கிவிட்டு ஆட்கள் வேறு கப்பலில் ஊர் திரும்பினார்கள். ஏழு வருஷம் அவை அங்கேயே கிடந்தன. ஜான் ராஸ் என்ற கேப்டன் 1829-ல் புறப்பட்டுப் போய், பனியில் கப்பல் மாட்டிக்கொண்டு, மூன்று குளிர்காலம் பார்த்துவிட்டு, 1832-ல் கப்பலைக் கைவிட்டு ஆட்களோடு நடந்தார். எங்கே? அந்தக் கரைக்குத்தான். ஏழு வருஷத்து டின்களைத் திறந்து தின்று, நாலாவது குளிர்காலத்தையும் அங்கே கழித்து, 1833 ஆகஸ்டில் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பலைக் கண்டார்கள். ‘கேப்டன் ராஸ் செத்து இரண்டு வருஷம் ஆயிற்றே!’ என்று அந்தக் கப்பல்காரர்கள் ராஸிடமே சொன்னார்களாம். நாவலில் எழுதினால் நம்பமாட்டீர்கள். அந்தக் கப்பல் ராஸ் ஒரு காலத்தில் தலைமை வகித்த இஸபெல்லாவேதான். கரையில் கிடந்ததை எவனாவது ஒரு புத்திசாலி, ‘இத்தனை சாமான் சும்மா கிடக்கிறதே’ என்று 1830-ல் முழுவதையும் வாரிக்கொண்டு போயிருந்தால், ராஸும் அவருடைய ஆட்களும் என்ன ஆகியிருப்பார்கள்?

எதிர்க்கட்சியிலும் நியாயம் உண்டு. மின்சாரக் காருக்குப் பெட்ரோல் காரைவிட மூன்று மடங்குக்கு மேல் தாமிரம் வேண்டும். காற்றாடிக்கும் சூரியத் தகட்டுக்கும் கம்பிக்கும் வேண்டும். நிலக்கரிப் புகையை விட வேண்டுமென்றால் தாமிரத்தைத் தொட்டே ஆக வேண்டும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு ‘தாமிரமே வேண்டாம்’ என்று கட்டுரை எழுதுவது அழகல்ல. என் தலைக்கு மேலும் ஒன்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டார்மின் கல்லுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பல தாமிரச் சுரங்கங்களில் கந்தகக் கல் மழையில் நனைந்து அமிலமாக ஓடி ஆற்றைக் கெடுக்கிறது. இங்கே சுற்றிலும் இருப்பது டோலமைட். அது அமிலத்தை முறித்துவிடும். கல்லை உடைத்துத் தாமிரக் கட்டியைத் தனியே பொறுக்கி அப்படியே கப்பலேற்றிவிடலாம், ரசாயனக் குழம்பும் சேற்றுக் குளமும் வேண்டியதில்லை என்றும் திட்டம் சொல்கிறார்கள்.

அந்த வட்டாரத்தில் சுரங்கமே நடந்ததில்லை என்பதும் இல்லை. ரெசல்யூட்டுக்கு வடக்கே சின்ன கார்ன்வாலிஸ் தீவில் போலாரிஸ் என்று துத்தநாகச் சுரங்கம் ஒன்று இருந்தது. தொழிற்சாலையையே கியூபெக்கில் ஒரு மிதவையின் மேல் கட்டி, 1981-ல் கடல் வழியாக இழுத்து வந்து நிறுத்தினார்கள்! வருஷத்தில் பெரும்பகுதி தோண்டிக் குவித்து, பனி விலகும் சில வாரங்களில் கப்பலேற்றினார்கள். 2002-ல் தாது தீர்ந்தது. மூடிச் சுத்தம் செய்துவிட்டுப் போனார்கள். ஆக, காரியம் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தீவு, தாமிரம் என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வரும்போது இன்னொரு தீவையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பசிபிக் சமுத்திரத்தில், நியூகினிக்குக் கிழக்கே, பூகன்வில். அங்கே பங்குனா என்ற இடத்துத் தாமிரம் எரிமலைக் குழம்பு தந்த தாமிரம். ஸ்டார்முக்கு முற்றிலும் வேறு ஜாதி. அளவும் எத்தனையோ மடங்கு பெரிது. 1960-களில் சாஸ்திரிகள் மலையை அங்குலம் அங்குலமாகத் துளைத்துப் பார்த்து, எங்கே எவ்வளவு என்று துல்லியமாகச் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் பிழை இல்லை. 1972-ல் சுரங்கம் ஓடத் தொடங்கிற்று. அந்த நிலம் தாய் வழியாகப் பெண்களுக்கு வருகிற நிலம் என்பதை மட்டும் ஒரு துளையும் காட்டவில்லை. நூறு கோடி டன் அளவுக்குச் சக்கை ஆற்றில் இறங்கிற்று. 1989-ல் சுரங்கம் மூடப்பட்டது. தொடர்ந்த உள்நாட்டுச் சண்டை ஏறக்குறைய பத்து வருஷம். செத்தவர்கள் 20,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். சாமர்செட்டில் அப்படி நடக்கும் என்று நான் பயமுறுத்தவில்லை. கல்லை மட்டும் அளந்துவிட்டு ‘தீவைத் தெரிந்துகொண்டேன்’ என்று சொல்வதன் விலையைச் சொன்னேன்.

"தாமிரம் வேண்டும், ஆனால் எடுக்கக் கூடாது, பின்னே வானத்திலிருந்தா விழும்?" என்று அந்த உறவினர் கேட்பார். வானத்திலிருந்து விழ வேண்டாம். உலகம் உபயோகிக்கிற தாமிரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே பழசை உருக்கி எடுத்ததுதான். தாமிரத்துக்கு அந்தப் பெருமை உண்டு. எத்தனை தரம் உருக்கினாலும் தரம் குறையாது. நம் வீடுகளில் எவர்சில்வர் மோகம் வந்தபோது பாட்டி காலத்து அண்டாவும் தவலையும் எடைக்குப் போயினவே, அவை எங்கேயும் அழிந்து போகவில்லை. ஏதாவது ஒரு கம்பியாக எங்கேயோ மின்சாரம் சுமந்துகொண்டிருக்கும். சுரங்கமே வேண்டாத அளவுக்கு இது போதாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுப் பரணில் இருப்பதை எண்ணிப் பார்க்காதவன் வடதுருவத்துக் கொல்லைப்புறத்தை எட்டிப் பார்க்கிறபோது, அவசரம் தாமிரத்துக்கா, அவனுக்கா என்று சந்தேகம் வருகிறது.

நூனவுட் என்ற பெயரில் அந்தத் தீவுகள் 1999 ஏப்ரலில் தனிப் பிரதேசமாயின. நிலத்தின் மேலும் கனிமத்தின் மேலும் அதிகாரம் மட்டும் ஓட்டாவா சர்க்காரிடமே தங்கிற்று. அதைக் கைமாற்ற 2024 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2027 ஏப்ரலில் நூனவுட்டிடம் போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. ரெசல்யூட் பேயில் கூடி உட்கார்ந்து அந்த இருநூறு பேர் ‘தோண்டு’ என்று சொல்லலாம், சம்பளத்துக்கும் பங்குக்கும் பேரம் பேசலாம், ‘விலை இன்னும் ஏறட்டும், பேரன் காலத்தில் பார்க்கலாம்’ என்றும் சொல்லலாம். நாற்பத்து நாலு கோடி வருஷம் இருந்த சரக்கு, இன்னும் நாற்பது வருஷத்தில் கெட்டுப் போகாது. அவர்களிடம் போகிறவர்கள் கொண்டுபோகும் காகிதத்தில் மூன்று நாள் என்ற அந்தக் கணக்கும், லண்டன் விலை ஏறி இறங்கிய கணக்கும், எந்த மாதத்தில் எத்தனை கப்பல் பனியை உடைத்துக்கொண்டு போகும் என்ற கணக்கும், அவர்கள் பாஷையான இனுக்டிடூட்டில் எழுதியிருக்கட்டும்.